ஆடிக்கு யாரும் அழைக்க வரவில்லை

“ஹலோ… ஹலோ, கம்பெனி மெயின் கேட்டுங்களா?… சார், பிரஸ் ஷாப்புல பகலவன்னு… ஆமா சார், ஃபர்ஸ்ட் ஷிப்டு… வுட்டுட்டாங்களா?… சைக்கிள் ஸ்டாண்டுல கீறாரான்னு கொஞ்சம் பாருங்க சார்… தங்கச்சி… கூடப் பொறந்த தங்கச்சி சார், எழிலரசி… அவசரம்தான்… இல்ல சார், சாவு இல்ல… யாரும் சாவலை சார்… வெச்சிடாதீங்க, லைன்லயே நிக்கிறேன்.”

கம்பெனி வாசலுக்கு வீட்டுப் பெண்கள் போன் செய்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று காவலாளிக்குப் பழக்கம். எழிலரசி அந்த எண்ணுக்கு இதுவரை கூப்பிட்டதில்லை. தை மாதம் கல்யாணம் முடிந்து அவள் மண்ணூருக்குப் புறப்பட்டபோது, அண்ணன் பகலவன் சிகரெட் அட்டையைக் கிழித்து அதில் எழுதிக் கொடுத்த எண் அது. ஏதாவது ஒன்று என்றால் உடனே கூப்பிடு, பறந்து வருகிறேன் என்று சொல்லித்தான் கொடுத்தான்.

அந்த ஏதாவது ஒன்று நேற்று நடந்துவிட்டது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரியிடம் துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே யாக்கோபுவின் டெலிபோன் கடையில், ஒரு ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரிப் போவோர் வருவோர் கண்ணிலெல்லாம் போட்டுக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து இடது கன்னத்தை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் புழுதி நல்ல சாக்காக இருந்தது.

“ண்ணா!… நான்தான், எழிலு… ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறேன்… இல்ல, நல்லா இல்லண்ணா… அவரு பக்கத்துல இல்லியே?… ஓ.டி. கீதுன்னு காலைல சொல்லினு போனாரு… உள்ளதான் கீறாரா?… நல்லாப் பாத்தியா?… சரி சரி. அப்போ பேசறேன்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அண்ணனும் அவள் புருஷன் பாண்டுரங்கனும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்பவர்கள். ஒரு பீடியை ஆளுக்குப் பாதி இழுக்கிற சிநேகிதம். இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததே பகலவன்தான்.

“ண்ணா, ஆடி பொறந்து இத்தினி நாளாச்சி, ஏன் யாருமே அழைக்க வரலை?… தெருவுல ஒவ்வொரு பொண்ணா தாய்வூட்டுக்குப் போயினே கீது. எங்க அண்ணன் வரும், சீரோட வந்து இட்டுகினு போவும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்… வேலை, வேலை… எனக்கும் தெரியுது வேலைன்னு. இன்னிக்கே வாண்ணா. ஆடிக்கு அழைக்க வந்தேன்னு சொல்லு, யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, நானும் கம்முனு பொட்டியத் தூக்கினு கெளம்பிடுவேன்… இன்னா அவசரமா?… அடிச்சிட்டாருண்ணா.”

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு முன் பெரிதாக இருந்தது, சொன்ன பிறகு ஒரு வார்த்தையாகச் சிறுத்துப் போனது. அண்ணன் துள்ளிக் குதிப்பான் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் யாரும் துள்ளவில்லை.

“ஹலோ?… கீறியா?… கன்னத்துல. அப்புறம் கீழ வுழுந்ததும் முதுவுல… காதுக்குள்ள ராத்திரிலேர்ந்து வண்டு கத்தற மாதிரியே கீதுண்ணா… இல்லல்ல, நான் எதுத்தே பேசலை… கொழம்புல உப்பா? கொழம்பு நல்லாத்தான் கீது, காலைல வழிச்சித் தின்னுட்டுத்தான் ஷிப்டுக்கு வந்தாரு உன் ஃபிரெண்டு… நீ இன்னாண்ணா, சூப்பர்வைசர் மாதிரி கேள்வியாக் கேட்டுனு கீறே? நான் சொல்றதைக் கேளேன் மொதல்ல.”

பாண்டுரங்கன் ஒருமுறை கை ஓங்கியதுண்டு, ஆனால் அடித்தே விடுவான் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அடுப்புப் புகையில் அவள் கண் கலங்கினால் ஊதுகுழலைப் பிடுங்கித் தானே ஊதுகிறவன். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, தெரு அடிபம்பில் பெண்களோடு பெண்களாக வரிசையில் நின்று, இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி வந்தவன். தூக்கத் தெரியாமல் வாசல்வரை சிந்திக்கொண்டே வந்தான். அன்றைக்கு அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தாலும் மனசு குளிர்ந்துதான் கிடந்தது.

“நேத்து ஷிப்டு முடிஞ்சி வந்தாரு. மொகமே சரியில்ல. டிபன் கேரியரைக் கழுவலாம்னு தொறக்கறேன், மேல் அடுக்குல வளையலு… வளையலுண்ணா, கண்ணாடி வளையலு… சிரிக்கிறியா?… இருமுறியா, சரி… நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? பொறந்த வூட்டுலேர்ந்துதான் யாரும் அழைக்க வரலை, இந்த மனுசனாவது ஆடிக்கு எனக்குன்னு வாங்கினு வந்தாரேன்னு… சந்தோசமாப் போச்சிண்ணா. போட்டு வுடுங்கன்னு கைய நீட்டிட்டேன்.”

அந்த நீட்டிய கை இப்போதும் அவளுக்குக் கூசியது. புருஷன் முன்னால் வெட்கத்தோடு நீட்டிய கை. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் முகம் அவளுக்குத் தெரியாத யாரோ ஒருவனின் முகமாகிவிட்டது.

“நீயும் சேந்துகினு என்னைக் கலாய்க்கிறியாடின்னு கேட்டாரு. கேட்டு முடிக்கறதுக்குள்ள அறை வுழுந்திச்சி. அந்த வளையலை அத்தினியும் செவுத்துல அடிச்சி ஒடச்சாரு… எங்கேர்ந்து வந்திச்சா? உங்க லைன்லேர்ந்துதான்! மத்தியானம் சாப்பாட்டு டைம்ல செட்டு மொத்தமும் சேந்து அவரு கேரியருக்குள்ள போட்டு வெச்சீங்களாமே. பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்கறவன் இதையும் மாட்டிக்கடான்னு சொல்லி, மேஜையத் தட்டி, விசில் அடிச்சி… ராத்திரி பூராப் பொலம்பினாரு… அழுதாருண்ணா, அடிச்சதுக்கு அப்புறம். எதுக்கு அழுதாருன்னு எனக்குத் தெரியலை. எனக்காகவா, அவருக்காகவான்னு… நீ எங்க இருந்தே அப்போ?… அதே மேஜைதானே நீயும்?… கை கழுவப் போயிருந்தியா? நல்லாக் கழுவினியா?”

யாக்கோபு கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“சரி, அது உடு. நீ அவங்களைக் கூப்ட்டு கேளு. நீதானே லைன்ல பெரிய கை, உன் பேச்சைத்தானே எல்லாரும் கேப்பாங்க. எவன் அந்த வளையலை வாங்கினு வந்தான்னு கேளு. அவரு தண்ணி தூக்கினது எவனுக்குத் தெரியும்? எங்க தெருவுல உங்க கம்பெனி ஆளு ஒருத்தரும் கெடையாது. அன்னிக்கி வூட்டுக்கு வந்தவங்கன்னு பாத்தா…”

அன்றைக்கு வீட்டுக்கு வந்தது ஒரே ஒருவன். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து, நடையில் உட்கார்ந்து டீ குடித்தவன். குடத்தோடு உள்ளே நுழைந்த பாண்டுரங்கனைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தவன். அவளும்தான் அப்போது சேர்ந்து சிரித்தாள், மச்சானுக்கு மச்சான் கேலி என்று.

“ண்ணா… நீ மட்டுந்தானே வந்தே.”

“…இல்ல, நான் உன்னைச் சொல்லலை… நான் எதுக்கு உன்னைச் சொல்லப் போறேன்… பேச்சுவாக்குல சொல்லியிருப்பே, சரி. அது தப்பு இல்ல. ஆனா அந்த வளையல வாங்கினவன்… இன்னா மாதிரி வளையலா? மயில்கழுத்துக் கலரு. நடுவுல தங்கப் பொட்டு வெச்சிருக்கும். காலைல பெருக்கி அள்ளினேன், பார்க்கவே பாவமா…”

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். போன கிருத்திகைக்கு அண்ணனோடு குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தாள். இறங்கி வரும்போது அடிவாரத்துக் கடையில் பகலவன் வளையல் கேட்டான். நிச்சயம் பண்ணியிருக்கிற வாலாஜாபாத் பெண் நிலாவுக்கு என்று சொன்னான். சிவப்பை எடுத்தவனைத் தடுத்து, நிறம் பொறுக்கிக் கொடுத்தது எழிலரசி. அளவு தெரியாது என்று அவன் விழித்தபோது, என் கைதான் அவளுக்கும் இருக்கும் என்று தன் கையில் ஏற்றிப் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். நேற்று இருந்த இருப்பில் அது அவளுக்கு உறைக்கவே இல்லை. மயில்கழுத்து நிறத்தில் ஊரெல்லாம் வளையல் விற்கிறது.

“நிலாவுக்கு வளையல் குடுத்துட்டியா?”

“…இல்ல, சும்மாத்தான் கேக்கறேன். குன்றத்தூர்ல வாங்கினமே… குடுத்துட்டியா?… எப்போ குடுத்தே?… வாலாஜாபாத் எப்போ போனே நீ? வேலையினால ஆடிக்கு அழைக்கக்கூட வர முடியலைன்னே… டபாய்க்காதேண்ணா… டபாய்க்காதே… என் தலைமேல கை வெச்ச மாதிரி நெனச்சினு சொல்லு.”

அவன் சொன்னான். சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை.

“வெளையாட்டா… ம்… எனக்காகவா?… எனக்கு நல்லதுக்குத்தான் பண்ணியா? எப்பிடிண்ணா அது?… அவன் ரொம்ப எளகிப் போயிட்டான்… ஷிப்டு வுட்டா உங்கக்கூட ஒயின் ஷாப்புக்கு வர்றதில்ல, நேரா வூட்டுக்கு ஓடறான்… பொண்டாட்டி தாசன்னு சிரிக்கறாங்க, உனக்கு அசிங்கமாக் கீது… ம்… ரெண்டு தட்டு தட்டினாத்தான் பொம்பளை அடங்குவா… ண்ணா, நீ யாரைப் பத்திப் பேசறேன்னு தெரிஞ்சிதான் பேசறியா? அந்தப் பொம்பளை நான்! நான் எழிலு! உன்கூட ஒரே தட்டுல தின்னவ!”

கத்திவிட்டாள். கத்தியதும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடி வாங்கியபோது கூட அவள் இப்படிக் கத்தவில்லை.

அவளுக்கு அண்ணன் என்றால் ஒரு நாள்தான் எப்போதும் ஞாபகத்துக்கு வரும். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை வெளுத்துக்கொண்டிருந்த நாள். இவள் மூலையில் கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிக் கிடந்தாள். பால் பல் கூட முழுதாக விழாத பகலவன் குறுக்கே பாய்ந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். உதைத்து உதறினாலும் விடவில்லை. உலகத்தில் யார் கைவிட்டாலும் இவன் விடமாட்டான் என்று அன்றைக்கு அவள் மனசில் ஏற்றிக்கொண்டது இன்றுவரை இறங்கவில்லை.

“நீதானேண்ணா அன்னிக்கு அப்பா காலைப் புடிச்சினு தொங்கினே?… மறந்துட்டியா?… ஞாபகம் கீதா? ஞாபகம் இருந்துமா… அம்மா வாழலையாவா? அது ஒரு வாழ்க்கைன்னு நீ சொல்றியா? நீயும் நானும் கட்டிலுக்கு அடியில படுத்துகினு கேட்டமே அந்தச் சத்தத்தை… அதெல்லாம் சரியாப் போச்சா? அப்பாவுக்கு வயசாகி கை ஓஞ்சி போச்சிண்ணா, அதான் சரியாப் போச்சி… அம்மாகிட்ட சொல்லு, அம்மா வந்து இட்டுனு போவாங்க… ஏன்?… அம்மா இன்னா சொன்னாங்க?”

காற்றில் பறந்து வந்த ஒரு காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது.

“அம்மாவே சொன்னாங்களா, ஆடிக்கு அழைக்க வேணாம்னு?… இட்டுனு வந்தா திரும்பிப் போவ மாட்டான்னு?… அப்போ அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்… போன மாசம் ஒருவாட்டி கையை ஓங்கினாருன்னு அம்மாகிட்ட ஒண்டிதான் சொன்னேன். உங்கப்பன் அடிக்காத அடியான்னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சதோட உட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி… வேணும்னுதான் யாரும் வரலையா? தெனமும் வாசல்ல நின்னு பாத்துனு கீறேன் நானு, பைத்தியக்காரி மாதிரி. சைக்கிள் பெல்லு கேட்டா ஓடறேன்…”

அழுகை வந்தது. வந்ததை மூக்கை உறிஞ்சி உள்ளே தள்ளினாள்.

“ஆவணியா?… ஆவணி வரைக்கும் இன்னாத்துக்குப் பொறுக்கணும்?… ஓ. உன் கல்யாணம்… தங்கச்சி வாழாவெட்டியா வந்து கெடந்தா பொண்ணு வூட்டுல பேசுவாங்க… ம், அவங்க கொஞ்சம் கண்டிசனான ஆளுங்க… புரியுது. நல்லாவே புரியுது. என் கன்னம் வீங்கினது உன் கல்யாணப் பத்திரிகைல தெரியக்கூடாது… நிலாவுக்குத் தெரியுமாண்ணா, நீ எப்பிடிப்பட்டவன்னு?… அவளை இழுக்கலை. அவளை எதுக்கு இழுக்கப் போறேன்.”

நிச்சயதார்த்தத்தன்று வாலாஜாபாத்தில், ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், நிலா அவளைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், உங்க அண்ணன் கோவக்காரரா என்று காதோடு கேட்டிருந்தாள். எங்க அண்ணன் தங்கம், எறும்பை மிதிக்க மாட்டான் என்று எழிலரசி அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் அதை நம்பிப் பெருமூச்சு விட்டது இப்போது அவள் நெஞ்சில் வந்து குத்தியது.

“போதும்ணா. நீ ஒண்ணும் வர வேணாம். நானே பஸ் ஏறி நம்ம வூட்டுக்கு வந்துடறேன். தெருவே பாக்கட்டும், வாசல்ல ஒக்காந்துக்கறேன்… இன்னா?… வர்றியா?… இப்போவா?… நெஜமாவா? என்னை ஏமாத்தலியே?… சத்தியமா?”

கோபம் அப்படியே வடிந்துவிட்டது. பாவி மனசு, ஒரு சொல்லுக்குக் காத்துக்கிடந்தது. ஆயிரம் இருந்தாலும் கூடப் பிறந்தவன், தப்பு உறைத்துவிட்டது, வருகிறான் என்று அவளே அவனுக்காக வக்காலத்து வாங்கினாள்.

“பெரும்புதூர்லதாண்ணா கீறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கால, மருந்துக் கடைக்குப் பக்கத்துல, மஞ்ச போர்டு போட்ட பூத்து… ஆமா, இங்கேயே நிக்கிறேன்… சீக்கிரம் வாண்ணா. நான் திட்டினதை மனசுல வெச்சிக்காத… ஹலோ?… ஹலோ? யார்கிட்ட பேசினு கீறே?”

அவன் ரிசீவரைக் கையால் பொத்தியிருந்தான். சரியாகப் பொத்தவில்லை. விரல் இடுக்கில் அவன் குரல் கசிந்து வந்தது. மருந்துக் கடை, மஞ்சள் போர்டு என்று இவள் சொன்ன அடையாளத்தையே அவன் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பதிலாகச் சாவி குலுங்கும் சத்தமும் தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்டன. ஆறு மாதமாக விடியற்காலையில் அவள் கேட்டு எழுந்த செருமல் அது.

“அவரு அங்கதான் கீறாரா?”

“…இன்னா சாவி? எந்த வண்டிச் சாவியைக் குடுத்தே இப்போ?… மொதல்லேர்ந்தே நின்னுகினு இருந்தாரா?… வளையலு நீ வெச்சதுன்னு கேட்டுமா உன்கூட நிக்கிறாரு?… நான் பேசினது அத்தினியும் காது குடுத்துக் கேட்டுனு… உள்ள கீறாருன்னு சொன்னியே. கேட்டேனே உன்னை, நல்லாப் பாத்தியான்னு கேட்டேனேண்ணா.”

கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அண்ணன் இப்போது வேகவேகமாக, இனிக்க இனிக்கப் பேசினான். அவன் பேசப்பேச, அந்த நாளில் காலைக் கட்டிக்கொண்டு தொங்கிய பிள்ளையின் முகத்தை அவள் கண்ணுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை. அழுகையும் எங்கேயோ போய்விட்டிருந்தது. வெளியே பஸ் நிலையத்திலிருந்து வெளிப்பட்ட ஒரு பஸ், ஆள் ஏற்றுவதற்காகக் கடைக்கு எதிரே இஞ்சினை உறுமவிட்டபடி நின்றது.

அவள் ரிசீவரின் வாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள், ஒரு துளி சத்தமும் கசியாதபடி. கதவை முழங்கையால் தள்ளி யாக்கோபுவைப் பார்த்தாள்.

“அண்ணே, அது வாலாஜாபாத் போவுமா?”

யாக்கோபு தலையாட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை அவர் மேஜையில் வைத்துவிட்டு, ரிசீவரை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள். அவள் வாயிலிருந்து இப்போது வந்த குரல் அம்மாவின் குரல் போலவே இருந்தது. அடித்து ஓய்ந்த அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா பேசுவாளே, அந்தக் குரல்.

“ம்… கேட்டுனுதாண்ணா கீறேன்… இல்ல, கோவம் இல்ல… நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்… புருசன் பொண்டாட்டின்னா அப்பிடித்தான்… ம்… ம்… அவரையே வரச் சொல்லு. நல்லதுதான்… கெளம்பிட்டாரா?… சரி. காத்து அடிக்குது, கண்ணுல மண்ணு வுழும், மெதுவா வரச் சொல்லியிருக்கலாம்… ஆமாண்ணா… இங்கேயேதான். ஒரு அடி நகர மாட்டேன்… நான் எங்க போவப் போறேன்? எனக்கு இன்னா போக்கிடம் கீது, நீங்கள்லாம் இருக்கறப்போ… சரிண்ணா… சரி… வெச்சிடறேன்.”